இருளப்பன் காட்டுக் குட்டை

குருவத்தாயின் காட்டில் குட்டை கிடையாது. ஆனால் பண்ணைக்குட்டை வெட்டியதற்கான அரசு மானியம் நேற்று வங்கிக்கு வந்து விழுந்துவிட்டது.

கேட்காத பணம்.

"குட்டைக்கா பணம்?" பக்கத்துக் காட்டு முத்துராக்கு போனை வாங்கி, வெயில் படாமல் முந்தானையால் மறைத்துப் படித்தாள். "எந்தக் குட்டை மதினி? ஒங்க காட்டுல ஆடு மோண்டாக்கூடத் தேங்காதே!"

குருவத்தாய் சிரிக்கவில்லை. மிளகாய்ச் செடிகளுக்கு அப்பால், கிழக்கு மூலையில் நின்ற உடைமரத்தடியைப் பார்த்தாள். முத்துராக்கும் பார்த்தாள். அவள் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

தை மாதம் அந்த மரத்தடியில் ஒரு குழி தோண்டினார்கள். குழி என்றால் குட்டை என்று அரசாங்க மெஷின் நினைத்துக்கொண்டது.

அது இருளப்பனைப் புதைத்த குழி.

"ஆத்தாடி," என்றாள் முத்துராக்கு. "எங்க அண்ணன் செத்தும் ஒனக்குக் குட்டை வெட்டிக் குடுத்துட்டுப் போயிருக்காக."

"வாயை மூடு. குட்டைன்னு பணம் குடுத்தவன் குட்டையைப் பாக்க வரமாட்டானா?"

அவள் சொல்லி முடிக்கவில்லை. வண்டிப்பாதையில் புழுதி கிளம்பியது. வெள்ளை ஜீப். கதவில் அரசு முத்திரை.

முத்துராக்கு வரப்பைத் தாண்டித் தன் காட்டுக்குள் மறைந்தாள். குருவத்தாய் இடுப்பில் கட்டியிருந்த மணல் பையை இறுக்கினாள். இருளப்பனின் டயர் செருப்புக்குள் காலை நன்றாக நுழைத்தாள். வலது காலை இழுத்து, உடம்பை இடப்பக்கம் சாய்த்து, ஜீப்பை நோக்கி நடந்தாள்.

அப்படித்தான் நடக்க வேண்டும். மண்ணுக்குள் முளைகள் கேட்டுக்கொண்டிருந்தன.

கைரேகையில் ஏமாற்றினார்கள். முகத்தைக் காட்டச் சொன்னால் அதிலும் ஏமாற்றினார்கள். யாரோ உழுதார்கள், யாரோ மானியம் வாங்கினார்கள். அதனால் வந்ததுதான் உழவர் காலடித் திட்டம். காடு காடாக விரல் தடிமனில் முளைகளை அடித்துப் புதைத்தார்கள். மேலே விழும் ஒவ்வொரு காலடியையும் அவை கேட்கும். எடை எவ்வளவு, எட்டு வைக்கும் தூரம் எவ்வளவு, குதிகால் முதலில் விழுகிறதா விரல் முதலில் விழுகிறதா, எல்லாம் அதற்குத் தெரியும். "ரேகையைத் திருடலாம், நடையைத் திருட முடியாதும்மா," என்றார் முளை அடிக்க வந்த ஆய்வாளர் சுடலைமணி. கனமான பூட்ஸ் போட்ட மனிதர். இடது குதிகாலைச் சர்ரென்று தேய்த்துத் தேய்த்து நடப்பார். போகும்போது ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

ஊர்க்காரர்கள் அந்தக் குச்சிகளுக்குக் காதுமுளை என்று பெயர் வைத்தார்கள்.

பட்டாதாரர் தன் காட்டில் நடந்தால் விதைக்குப் பணம், உரத்துக்குப் பணம், மழை பொய்த்தால் அதற்கும் பணம். ஒரு பருவம் அவர் காலடி கேட்காவிட்டால் காடு தரிசுத் தொகுப்புக்குப் போய்விடும். பிறகு கம்பெனிக்காரன் வந்து கம்பி வேலி போடுவான். மேற்கே போய்ப் பார்த்தால் தெரியும். கண்ணுக்கு எட்டியவரை கம்பி.

ஆடி மாதம் இருளப்பனுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மிளகாய் விதைப்புக்குக் காடு காத்திருந்தது. குருவத்தாய் அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். சின்ன வயதில் டிராக்டர் ஏறி ஊனமான அவனுடைய வலது காலைத் தன் காலில் கொண்டுவந்து பார்த்தாள். நடை பொருந்தவில்லை என்று போன் சிவப்பு காட்டியது. மறுபடி நடந்தாள். மறுபடி சிவப்பு. கட்டிலில் கிடந்தபடி அவன் கோணிய வாயால் குழறினான்: "இடுப்பை முன்னால விடு, கழுதை. காலு தானா பின்னால வரும்." ஒரு காலையில் போன் பச்சை காட்டியது. அவள் ஓடிப்போய் அவனிடம் காட்டினாள். விழுந்த நாளிலிருந்து சிரிக்காதவன் அன்றைக்குத்தான் சிரித்தான்.

தையில் போய்விட்டான். அது ஊருக்குத் தெரியும். அரசாங்கத்துக்குத் தெரியாது.

ஜீப்பிலிருந்து இறங்கியது ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். காக்கிச் சட்டை, கையில் அரசு டேப்லெட், காலுக்குப் பெரிதாக ஒரு பூட்ஸ். பாதையில் லேசாகத்தான் நடந்து வந்தாள். வரப்பைத் தாண்டிக் காட்டுக்குள் காலை வைத்ததும் நடை கனத்து, ஒரு காலைத் தேய்க்க ஆரம்பித்தாள். மண்கட்டி குத்துகிறதாக்கும் என்று நினைத்தாள் குருவத்தாய்.

"பண்ணைக்குட்டை அளக்க வந்திருக்கேன். இருளப்பன் இருக்காரா?"

"வெளிய போயிருக்காக."

"எங்க?"

"சந்தைக்கு."

"இன்னிக்கு எங்கம்மா சந்தை?"

குருவத்தாய் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

"சரி, குட்டையைக் காட்டுங்க."

"அது... தோண்டுனோம் ஆபீசரம்மா. பாறை வந்துச்சு. திரும்ப மூடிட்டோம்."

"கரிசல்ல பாறையா?" அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேராக உடைமரத்தை நோக்கி நடந்தாள். குருவத்தாய் பின்னாலேயே இழுத்து இழுத்துப் போனாள். மரத்தடியில் மண் ஆள் நீளத்துக்கு மேடு தட்டியிருந்தது. மேலே காய்ந்த எருக்கம் மாலை ஒன்று. நேற்றுத்தான் அதை எடுத்துப் போட நினைத்தாள், மறந்துவிட்டாள்.

ஆபீசர் மாலையைப் பார்த்தாள். மரநிழலில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தாள்.

"இப்படி வந்து உட்காருங்க. ஒண்ணு காட்டறேன்."

திரையில் காடு கட்டம் கட்டமாகத் தெரிந்தது. இரண்டு புள்ளிகள் நகர ஆரம்பித்தன. ஒன்றன்பின் ஒன்றாக, குழியைச் சுற்றி, இடமாக.

"இது தையில ஒரு சாயங்காலம். பள்ளத்தைச் சுத்தி ஒருத்தர் நடக்கிறார். பின்னாலயே ஒட்டி இன்னொருத்தர். ஒரு சுத்து வந்ததும் நிக்கிறாங்க. முன்னால போறவர் எடை குறைய ஆரம்பிக்குது. அடுத்த சுத்து. நிக்கிறாங்க. இன்னும் வேகமாக் குறையுது. மூணாவது சுத்து. அப்புறம் தோளுக்குப் பின்னால ஏதோ விழுந்து உடையற சத்தம். உடனே அவர் நேராப் போறார். ஒரு தடவைகூடத் திரும்பலை."

குருவத்தாய் இரண்டு புள்ளிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மெஷினுக்கு இது புரியலை. குடத்தால் நீர் பாய்ச்சினார்னு எழுதி வச்சிருக்கு." ஆபீசர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குப் புரியும். நானும் ஒருத்தருக்குக் கொள்ளிக்குடம் தூக்கினவதான்."

காகம் ஒன்று உடைமரத்தில் உட்கார்ந்து கத்தியது. குருவத்தாய் அதை விரட்டக்கூட இல்லை.

"மத்தவங்க காலடி கேட்கக் கூடாதுன்னு ஊரையே ரோட்டுல நிக்க வச்சிருக்கீங்க. சாமர்த்தியம்தான். ஆனா குடத்தை மறந்துட்டீங்க."

"மறக்கலை தாயி." அவளையும் மீறி வார்த்தை வந்துவிட்டது. "சுத்தாமப் புதைக்க மனசு வரலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பங்காளி சங்கையா குடத்துக்குக் கையை நீட்டிக்கிட்டு நிக்கான். எங்க பக்கம் குடம் தூக்குனவனுக்குத்தான் காடு. அதான் நானே வாங்கித் தூக்குனேன். பொம்பளை தூக்குறதான்னு ஏசுனான். ஏசட்டும்னு தூக்குனேன்."

"நீங்களா தூக்கினீங்க?"

"ஆமா."

"மெஷின் அப்படிச் சொல்லலையே." ஆபீசர் புள்ளியின் மேல் விரலை வைத்தாள். பெயர் விரிந்தது. "இருளப்பன். பின்னால வந்தவர் சன்னாசி."

சன்னாசி முத்துராக்கின் புருஷன். கேரளாவுக்குப் போனவன், திரும்பவே இல்லை. அவன் காட்டிலும் அவன், முத்துராக்கின் காலில், நடந்துகொண்டுதான் இருந்தான். குடத்தில் அரிவாள் மூக்கால் ஓட்டை போட்டது முத்துராக்கு.

குருவத்தாய் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். அன்றைக்குக் குடத்தோடு அழுதுகொண்டே நடந்தாள். இந்தக் காட்டில் எப்படி நடப்பாளோ அப்படித்தான் கால் போயிருக்கிறது. அவனுக்கான குடத்தை அவனுடைய நடையிலேயே சுமந்திருக்கிறாள்.

"கவனமாக் கேளுங்க," என்றாள் ஆபீசர். குரலைத் தாழ்த்தியிருந்தாள், காட்டில் வேறு யாரும் இல்லாதபோதும். "இங்க குட்டை இல்லைன்னு நான் எழுதினா என்ன ஆகும் தெரியுமா? அனுப்பலை. சும்மா தட்டிக் காட்டறேன்."

தட்டினாள். திரை ஒரு நொடி யோசித்தது. பிறகு சிவப்பு எழுத்துகள் ஒவ்வொரு வரியாக வந்தன. ஆபீசர் வாசித்தாள்.

"குட்டை இல்லை எனில் பள்ளம் எதற்கு. பள்ளத்தில் ஓர் ஆள் எடை இறக்கப்பட்டுள்ளது. இக்குடும்பத்தில் குருவத்தாய் என்பவரின் காலடி ஆடி மாதத்துக்குப் பிறகு கேட்கவில்லை. சந்தேக மரணம். இறந்தவர் குருவத்தாய். சந்தேகிக்கப்படுபவர் கணவர் இருளப்பன். காவல்துறைக்கு அனுப்பலாமா?"

குருவத்தாய் எழுந்துவிட்டாள். "என்ன தாயி இது கூத்து? நான்தான் இங்கன குத்துக்கல்லாட்டம் நிக்கேனே!"

"நீங்க யாரு?"

"குருவத்தாய்!"

"நான் நம்பறேன். இது நம்பாது. நடந்து காட்டுங்க. உங்க நடையில."

குருவத்தாய் மணல் பையை அவிழ்த்து எறிந்தாள். செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மிளகாய்ப் பாத்தி ஓரமாக நடந்தாள். திரும்பி வந்தாள்.

ஆபீசர் திரையைத் திருப்பிக் காட்டினாள். இருளப்பன், எடை குறைவு. உடல்நலம் கவனிக்கவும்.

"இல்லை. இரு, இரு." அவள் மறுபடி நடந்தாள். வேகமாக நடந்தாள். வலது காலை வேண்டுமென்றே ஊன்றி வைத்தாள். தண்ணீர்க் குடத்தோடு எப்படி நடப்பாள்? கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வரப்பில் எப்படி நடந்தாள்? கொலுசு எந்தக் காலில் முதலில் சத்தம் போடும்? இடுப்பு முன்னால் போனது. கால் தானாகப் பின்னால் வந்தது.

இருளப்பன் என்றது திரை. இருளப்பன். இருளப்பன்.

சித்திரை வெயிலில் நின்று அவள் தன் வெறுங்கால்களைக் குனிந்து பார்த்தாள்.

"என் நடை எங்க தாயி போச்சு?"

ஆபீசர் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குருவத்தாய் குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது.

"நான் உள்ளதைச் சொல்லிடுறேன். அவுக செத்துட்டாகன்னு எழுதிடுங்க."

"எழுத முடியாது. இன்னிக்குக் காலையில இந்தக் காட்டுல நடந்த ஆளை எப்படிச் சாகடிக்கிறது? மெஷின் திருப்பி அனுப்பிடும். சரி, நடந்தது நான்தான்னு நீங்க எழுதிக் கொடுத்தா, ஏமாத்தினதுக்கு ஜெயில். ஆடியிலேருந்து வாங்கின பணம் பூரா திரும்பக் கட்டணும். காடு அன்னிக்கே தரிசுத் தொகுப்புக்குப் போயிடும்."

"காடு போகக் கூடாது." குருவத்தாய் சட்டென்று சொன்னாள். "அது ஒண்ணுதான் தாயி. மத்தது என்ன ஆனாலும் சரி. அவுக இங்கன படுத்திருக்காக. மேல கம்பி வேலி போட்டு எவனோ டிராக்டரை விடுவான்."

"அப்படின்னா ஒரே ஒரு வழி." ஆபீசர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். "இங்க ஒருத்தரைப் புதைச்சிருக்கு. அதை மறைக்க முடியாது. ஆனா அது கொலை இல்லை, சீக்குல வந்த சாவுன்னு நான் நேர்ல விசாரிச்சு எழுதலாம். சொந்தக் காட்டுல புதைச்சாங்க, மெஷின் தப்பாக் குட்டைன்னு நினைச்சிடுச்சுன்னு எழுதலாம். குட்டைப் பணத்தை மட்டும் திருப்பி எடுத்துக்குவாங்க. பட்டாதாரர் இருக்கார், நடக்கிறார். காடு நிக்கும்."

"அப்ப செத்தது?"

ஆபீசர் அவளையே பார்த்தாள்.

குருவத்தாய்க்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மண்மேட்டைப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் உங்களுக்கு ரேஷன் கிடையாது. ஓட்டு கிடையாது. பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரில சேர்க்க ஒரு பேர் கிடையாது. இருளப்பன்னு சொல்லிக்கிட்டுப் போய் ஆம்பளை வார்டுல படுக்கவா முடியும்? பஸ்ல செத்துக் கிடந்தாக்கூட யாருன்னு யாருக்கும் தெரியாது."

"நீங்க ஏன் தாயி எனக்காக இம்புட்டும் பண்ணுதீக?"

"உங்களுக்கு மட்டுமா?" ஆபீசர் சிரித்தாள். அது சிரிப்பு மாதிரியே இல்லை. "இந்தத் தாலுகாவுல தீவாளியிலேருந்து ஒரு விவசாயிகூடச் சாகலை. தெரியுமா? எல்லா ஆம்பளையும் நல்லா நடக்கிறாங்க. அவங்க பொண்டாட்டிங்கதான் ஒவ்வொருத்தராப் போய்க்கிட்டே இருக்காங்க. விதவைன்னு ஒருத்தர் கிடையாது இங்க. இந்தத் தாலுகாவுல மட்டும் ஏன் பொம்பளைங்க இப்படிச் சாகறாங்கன்னு சென்னையில கேட்க ஆரம்பிச்சிருக்காங்க. ஒருநாள் வருவாங்க. அன்னிக்கு முதல்ல என்னைத்தான் நடக்கச் சொல்வாங்க."

கடைசி வார்த்தை குருவத்தாய்க்கு விளங்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. சங்கையாவின் நீட்டிய கை கண்ணுக்குள் நின்றது. கம்பி வேலி நின்றது.

"எழுதுங்க," என்றாள்.

"இறந்தவர் பேர்? நீங்க வாய்விட்டுச் சொல்லணும். குரல் பதிவாகும். சொல்றவர் பக்கத்து வீட்டுக்காரின்னு போட்டுக்கறேன்."

"குருவத்தாய்."

"என்ன சீக்கு?"

"வாதம்."

"கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

அப்படி ஒரு கேள்வி படிவத்தில் இருக்குமா? குருவத்தாய் ஆபீசரின் முகத்தைப் பார்த்தாள். அது மெஷின் கேட்ட கேள்வி இல்லை என்று தெரிந்தது.

"மிளகாய்க்கு உப்புத் தண்ணி பாய்ச்சாதன்னு சொன்னாக," என்றாள். அது இருளப்பன் சொன்னதுதான்.

ஆபீசர் தட்டி முடித்தாள். எழுந்து பூட்ஸைத் தட்டிக்கொண்டாள். "மேட்டு மேல ஒரு கல்லு நட்டு அந்தப் பேரை எழுதி வச்சிடுங்க. வர்றவங்க அதைத்தான் பார்ப்பாங்க." போகும்போது திரும்பினாள். "நடையை விட்டுடாதீங்க. ஒருநாள் விட்டாலும் தேடும்."

அவள் சர்ர், சர்ரென்று காலைத் தேய்த்துக்கொண்டு வரப்பு வரை போனாள். குருவத்தாய் கழற்றிப் போட்ட செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

ஜீப்பின் சத்தம் ஓய்ந்த பிறகுதான் முத்துராக்கு வந்தாள். பின்னாலிருந்து, "மதினி!" என்று கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். குருவத்தாய் மண்மேட்டையே பார்த்து நின்றாள்.

"ஏ அண்ணே!" என்றாள் முத்துராக்கு. காட்டில் இறங்கினால் எப்போதும் செய்கிற கேலி அது.

குருவத்தாய் உடனே திரும்பினாள்.

முத்துராக்கின் முகம் வெளிறியது. "என்ன மதினி, பேயறைஞ்ச மாதிரி நிக்க? என்ன சொல்லிட்டுப் போறா அவ?"

குருவத்தாய் சொன்னாள். சொல்லச் சொல்ல முத்துராக்கு அப்படியே பாத்தியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அடுத்தது நானா? எங்க வீட்டுக்காரனைக் காணோம்னு நான் கெடக்கேன், நான் செத்தேன்னு எழுதுவாளா? அவன் ஒருநாள் திரும்பி வந்து நின்னா நான் யாரு மதினி?"

போன் ஒலித்தது. முத்துராக்குதான் எடுத்துப் படித்தாள்.

"திரு. இருளப்பன் அவர்களுக்கு. தங்கள் மனைவி குருவத்தாய் மறைவுக்கு அரசின் ஆழ்ந்த இரங்கல். ஈமச்சடங்கு உதவித்தொகை தங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும். நேரில் விசாரித்து உறுதி செய்தவர், கள ஆய்வாளர்..."

அவள் நிறுத்தினாள்.

"யாரு? படியேன்."

"கள ஆய்வாளர் சுடலைமணி."

"அவரு எங்க வந்தாரு? வந்தது ஒரு பொம்பளைல்ல?"

"மதினி, சுடலைமணி போன தீவாளிக்கே போயிட்டாரு. பஸ் ஸ்டாண்டு பூரா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தாகளே, நீ பாக்கலையா? மேல அவரு படம். கீழ மக பேருன்னு ஒரே ஒரு பேரு. வேற நாதியில்லை போலன்னு நான்தான் ஒங்கிட்ட வந்து சொன்னேன். அண்ணன் சீக்காக் கெடந்த நேரம், ஒனக்கு மறந்திருக்கும்."

குருவத்தாய் வரப்பைப் பார்த்தாள். காட்டுக்குள் பூட்ஸ் தடம் ஆழமாக, இடது குதிகால் மண்ணைக் கீறிக் கீறிப் போயிருந்தது. வரப்பு தாண்டியதும் வண்டிப்பாதைப் புழுதியில் அந்தக் கீறல் இல்லை. லேசான, சின்ன எட்டுகள்.

ஊருக்குத் தெரிந்திருந்தது. போஸ்டருக்குத் தெரிந்திருந்தது. அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாமல், செத்த ஆபீசர் ஒருவர் காடு காடாக நடந்து, செத்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"முதல்ல என்னைத்தான் நடக்கச் சொல்வாங்க."

இப்போது விளங்கியது.

போன் மறுபடி அதிர்ந்தது. இருளப்பன், இன்றைய காலடி போதவில்லை என்றது.

"போகாத மதினி," என்றாள் முத்துராக்கு. "இன்னிக்கு ஒருநாள் போகாத. எனக்குப் பயமா இருக்கு."

குருவத்தாய் மணல் பையை எடுத்து இடுப்பில் கட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். உடைமரத்து நிழல் நீண்டு மண்மேட்டின் மேல் விழுந்திருந்தது. நாளைக்கு ஒரு கல் பார்க்க வேண்டும். பெயர் எழுத யாரையாவது கூப்பிட வேண்டும்.

இடுப்பை முன்னால் விட்டாள். கால் தானாகப் பின்னால் வந்தது.

போன் பச்சை காட்டியது. குருவத்தாயைப் புதைத்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, மிளகாய்ப் பாத்தியின் ஓரமாக, இருளப்பன் நடந்தான்.